கோழிக்கூண்டின் மேல் ஒரு தகடு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஏதாவது எழுதிக் கொடுப்பா. வழக்கமான ஹாஸ்டல் கதையா இல்லாம உருப்படியா இருக்கட்டும்" என்றார்கள். உருப்படியாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், உலோகம். கப்பல்களின் அடிப்பாகம் அரித்துப் போகாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ஆனால் நான் சொல்ல வந்த சரித்திரமும் ஹாஸ்டல் கதையில்தான் ஆரம்பமாகிறது. மூத்த அண்ணன்மார்கள் பொறுத்தருள வேண்டும்.

2007-ஆம் வருஷம். நான் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல். பக்கத்து அறை நண்பனுக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகச் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். மீன் குழம்பு தயாராகும் வரை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தபோது, கோழிக்கூண்டின் மேல் ஒரு தகடு மூடியாகக் கிடப்பதைப் பார்த்தேன். இரண்டு முழ நீளம் இருக்கும். ஓரத்தில் வரிசையாக ரிவெட் ஓட்டைகள். தூக்கினால் கனமே இல்லை.

"இது என்ன தாத்தா?" என்று நண்பனின் தாத்தாவிடம் கேட்டேன். அவருக்கு அப்போதே எண்பது வயசு.

"ஏரோப்ளேன் தகடுப்பா. சண்டைக் காலத்துல எங்கப்பன் வலையில ஏறிச்சு."

அவ்வளவுதான், எங்களுக்குள் ஒரு பெரிய விவாதம் கிளம்பிவிட்டது. நான், "லேபுக்குக் கொண்டு போய்விடலாம், டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்றேன். நண்பன், "காயலான் கடையில போட்டா நல்ல காசு வரும்டா" என்றான். மூன்றாமவன், "ம்யூசியத்துக்குக் கொடுத்தா பேப்பர்ல நம்ம பேர் வரும்" என்றான். தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அதுல வந்தவன் எவனோ, எந்த ஊரோ. அவன் வூட்டுக்குச் சேதி போச்சோ இல்லியோ. அத வித்துத் தின்பீங்களாடா?" என்றார்.

தகடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. படகுக்குப் பெயிண்ட் அடிக்க வைத்திருந்த உப்புத்தாளை எடுத்து ஒரு மூலையைத் தேய்த்தேன். அழுக்குக்கு அடியில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு பூச்சு தெரிந்தது. அதன் ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ எழுத்து, இரண்டு மூன்று எண்கள். எனக்கு அலுமினியத்தின் பளபளப்புதான் வேண்டியிருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பூச்சு போயிற்று, எழுத்தும் போயிற்று. தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. எல்லோரும் பாராட்டினார்கள். சாப்பாடும் அருமை.

இதைத்தான் இத்தனை வருஷம் கழித்துச் சபையில் ஒப்புக்கொள்கிறேன். விபத்தில் சிக்கிய ஒரு விமானம் எது, அதில் போனவர்கள் யார் என்று கண்டுபிடிக்க, மிஞ்சிய துண்டுகளில் இருக்கும் எண்கள்தான் பெரும்பாலும் வழிகாட்டி. காணாமற்போன அமெரிக்க விமானங்களைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதிய அறிக்கைகளில் என்ஜின் எண்ணையும் இயந்திரத் துப்பாக்கியின் எண்ணையும்கூடக் குறித்து வைத்திருக்கிறார்கள். என் கையில் கிடைத்தது உண்மையிலேயே விமானத் தகடா, வேறு ஏதாவதா என்று இன்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. சாட்சி சொல்லியிருக்க வேண்டியது அந்த எழுத்து. அதை அழித்தவன் அடியேன்.

நம் கரைக்கு வந்த யுத்தம்

"இரண்டாம் உலக யுத்தத்துக்கும் செங்கல்பட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தம்பி தங்கைகள் கேட்கலாம். நிறைய இருக்கிறது.

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பல் படை வங்கக் கடலுக்குள் புகுந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். அந்த மிருகக்காட்சி சாலையின் வாரிசைத்தான் 1985-இல் நம் வண்டலூரில் திறந்தார்கள்.

அப்போதைய செங்கல்பட்டு ஜில்லா மிகப் பெரியது. இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளெல்லாம் அதற்குள்தான் இருந்தன. 1997-இல்தான் அது இரண்டாகப் பிரிந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமாகத் தலையெடுத்தது 2019-இல். அந்தப் பழைய ஜில்லாவில் தாம்பரத்தில் விமானத் தளம் இருந்தது. சோழவரத்தில் ஓடுதளம் இருந்தது. பிற்காலத்தில் மோட்டார் பந்தயம் நடந்ததே, அதே சோழவரம்தான். செங்குன்றம் ஏரியில் தண்ணீரிலேயே இறங்கி ஏறும் கேட்டலினா விமானங்கள் நின்றன. பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் பிரிவு அங்கிருந்து பறந்தது.

கேட்டலினா என்பது அடியில் படகும் மேலே இறக்கையுமாக இருக்கும் ஒரு விசித்திரப் பிறவி. இரண்டு என்ஜின். இறக்கை முனைக்கு முனை 104 அடி. வேகம் குறைவு, ஆனால் ஒரு பகல் முழுக்கக் கடல் மேல் சுற்றி வரும். இலங்கையின் கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய இப்படி ஒரு கேட்டலினாவில் இருந்துதான், கனடா நாட்டு லியனார்ட் பிர்ச்சல் 1942 ஏப்ரல் 4 அன்று ஜப்பானியப் படை வருவதைப் பார்த்துச் செய்தி அனுப்பினார். அவருடைய விமானத்தை ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துக் கைதிகளானார்கள்.

இப்படி ரோந்து போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் உள்ள நினைவுச் சின்னத்தில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதும், சுற்றியுள்ள கடல்களிலும் மறைந்து, கல்லறை இல்லாமற்போன விமானப்படையினரின் பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன. உடல் கிடைத்தவர்களுக்கு நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறையில் இரண்டாம் யுத்தத்தில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அந்த வழியாகப் போயிருப்போம்! நானும் நூறு முறை போயிருக்கிறேன். இறங்கிப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் முப்பது வயசுக்கு மேல்.

தகரம் போன திசை

யுத்தம் முடிந்தது. விமானங்கள் என்ன ஆயின? பெரும்பாலானவை உடைபட்டு, உருகி, பாத்திரமாகவும் பெட்டியாகவும் மாறின. இதில் நம் நாட்டுக்குப் பெருமையான ஒரு கதை உண்டு. இன்ஜினியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

அமெரிக்காவில் 18,000-க்கும் மேல் கட்டப்பட்ட லிபரேட்டர் என்ற நான்கு என்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் பல, யுத்தம் முடிந்ததும் கான்பூரில் கைவிடப்பட்டன. இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று அவற்றை வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். 1948-இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை ஆட்கள் கான்பூர் போய், ஒன்றில் இருப்பதைக் கழற்றி இன்னொன்றில் பூட்டி, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். அவற்றைச் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். இப்படி உயிர் பெற்றவை நாற்பதுக்கும் மேல். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை வைத்திருந்தது.

அதற்குள் மற்ற நாடுகளில் லிபரேட்டர் கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்தது. பிறகுதான் ம்யூசியங்கள் நம் வாசலுக்கு வந்தன. 1968-இல் ஒன்று கனடாவுக்குப் போனது. பதிலுக்கு லைசாண்டர் என்ற பழைய விமானம் ஒன்று டில்லி பாலம் ம்யூசியத்துக்கு வந்தது. 1969-இல் ஒன்று அமெரிக்காவுக்குப் போனது, 1974-இல் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படை ம்யூசியத்துக்கு. காயலான் சரக்கு என்று அவர்கள் விட்டுப் போனதை நாம் காப்பாற்றினோம், பிறகு அவர்களுக்கே கொடுத்தோம்! கொடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பேசி, கைமாற்றி, எது எங்கே போனது என்று எழுதி வைத்துக் கொடுத்தது. சண்டை வருவதெல்லாம் அப்படி இல்லாத இடங்களில்தான்.

யாருக்குச் சொந்தம்?

உலகத்தில் இந்தச் சண்டை எப்படி நடக்கிறது என்பதற்கு மூன்று உதாரணம் சொல்கிறேன். மூன்றிலும் எங்கள் கோழிக்கூண்டு விவாதம் அப்படியே இருக்கிறது.

முதலாவது பாப்புவா நியூகினி. 1942 பிப்ரவரி 23 அன்று ஒரு அமெரிக்க பி-17 விமானம் எரிபொருள் தீர்ந்து அங்கே ஒரு சதுப்பு நிலத்தில் இறங்கியது. ஒன்பது பேரும் உயிர் பிழைத்து நடந்தே வெளியேறினார்கள். விமானம் முப்பது வருஷம் புல்லுக்குள் கிடந்தது. 1972-இல் மறுபடி கண்ணில் பட்டது. "சதுப்புப் பேய்" என்று பெயரும் வைத்தார்கள். 2006-இல் ஓர் அமெரிக்கர் அதைப் பிரித்து எடுத்தார். உடனே அந்த நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. யாரைக் கேட்டு விற்றீர்கள், இது எங்கள் மண்ணின் சரித்திரம் இல்லையா, நிலத்துக்காரர்களுக்கு என்ன பங்கு என்று கேள்விகள். லே துறைமுகத்திலேயே அது நாலு வருஷம் முடங்கிக் கிடந்து, 2010-இல்தான் கப்பல் ஏறியது. இப்போது ஹவாயில் பேர்ல் ஹார்பரில் இருக்கிறது.

இரண்டாவது எகிப்து. டென்னிஸ் காப்பிங் என்ற 24 வயது பிரிட்டிஷ் விமானி, 1942 ஜூன் 28 அன்று ஒரு கிட்டிஹாக் விமானத்தில் கிளம்பி, வழி தவறிப் பாலைவனத்தில் இறங்கினார். அந்த விமானம் 2012-இல் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. பக்கத்தில் பாரசூட் துணி இருந்ததால் அவர் இறங்கிய பிறகும் உயிரோடு இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. விமானத்தை மீட்டுக் கொண்டுவரும் வேலைக்குக் கூலியாக பிரிட்டிஷ் ம்யூசியத்தார் தங்களிடமிருந்த ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தையே ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். எகிப்து கிட்டிஹாக்கை விடவில்லை. அல் அலமைன் ம்யூசியத்தில் புதுப் பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டது. அந்தப் பெயிண்டைப் பார்த்து பழைய விமானப் பிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உப்புத்தாள்தான் ஞாபகம் வந்தது.

மூன்றாவது நம்மவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ரங்கூன். யுத்த முடிவில் பிரிட்டிஷார் புத்தம்புது ஸ்பிட்ஃபயர்களைப் பெட்டியோடு விமான நிலையத்தில் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு பேச்சு. 2012-இல் பிரிட்டிஷ் பிரதமரே பர்மா போனபோது இதைப் பற்றிப் பேசினார். 2013 ஜனவரியில் தோண்டினார்கள். ஒரு விமானமும் கிடைக்கவில்லை. பழைய ஆவணங்களை உட்கார்ந்து படித்தபோது, அப்படிப் புதைத்ததற்கான தடயமே இல்லை என்றுதான் தெரிந்தது. மண்வெட்டிக்கு முன்னால் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதில் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் 1986-இல் வந்த சட்டப்படி, அந்த நாட்டு எல்லைக்குள் விழுந்த ராணுவ விமானம் எதையும் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. கடலில் மூழ்கிய தங்கள் ராணுவ விமானமும் கப்பலும் எத்தனை காலமானாலும் தங்களுக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2004-இல் சட்டம் போட்டது. நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. ஒரு பொருள் பொதுவாக நூறு வருஷம் பழையதாக இருந்தால்தான் அதற்குள் வரும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவிலுக்கு ஆயிரத்து முந்நூறு வயசு, ஆகவே காவல் இருக்கிறது, வேலி இருக்கிறது. 1942-இல் அதே கடலில் விழுந்த விமானத்துக்கு 2042 வரை அந்தத் தகுதி வராது. அதுவரை அது வெறும் தகரம். நூறு வயசு ஆகும்வரை எது மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

அருணாசல மலைகளில்

இந்தியாவிலேயே இந்த வழக்கு மிகவும் உருக்கமாக நடப்பது வடகிழக்கில்தான். 1942 முதல் 1945 வரை அசாமிலிருந்து இமயமலைத் தொடரைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு விமானங்கள் போயின. அந்த வழிக்கு "ஹம்ப்" என்று பெயர், அதாவது திமில். மேகம், பனி, புயல். ஏறத்தாழ 600 விமானங்கள் விழுந்தன. இந்திய மண்ணில் காணாமற்போன அமெரிக்கர்களில் சுமார் 400 பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை.

க்ளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் தன் சொந்த முயற்சியில் மலை ஏறி, உள்ளூர் வேட்டைக்காரர்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு, விழுந்த விமானங்களைத் தேடினார். 2006-இல் அருணாசலப் பிரதேசத்தில் ஒரு லிபரேட்டரைக் கண்டுபிடித்தார். 1944 ஜனவரி 25 அன்று எட்டுப் பேரோடு மறைந்தது அது. குடும்பங்களுக்குச் செய்தி போயிற்று. 2008 கடைசியில் அமெரிக்க அரசின் குழு வந்தது. பிறகு வேலை நின்றுபோனது. அந்த மலைகளுக்குச் சீனா உரிமை கொண்டாடுவதால், வெளிநாட்டு ராணுவத்தார் அங்கே நடமாடுவது நம் அரசுக்குத் தர்மசங்கடம். இறந்தவர்களின் அண்ணன் தம்பி பிள்ளைகள் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். 2015-இல் மறுபடி அனுமதி கிடைத்தது. 2016 ஏப்ரலில் டில்லியிலிருந்து எச்சங்கள் மரியாதையோடு அனுப்பப்பட்டன. அந்த எட்டுப் பேரில் ராபர்ட் ஆக்ஸ்ஃபர்ட் என்பவரை அடையாளம் கண்டு, 2017 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் அவர் சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். எழுபத்து மூன்று வருஷம் கழித்து.

இரண்டு பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. எல்லைப் பிரச்சனை விளையாட்டு இல்லை. ஆனால் காத்திருக்கும் ஒரு தங்கைக்கு எல்லைக்கோடு என்ன தெரியும்? இதற்கிடையே மலைவாசிகள் அந்த அலுமினியத்தைப் பாத்திரமாகவும் கூரையாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் காட்டில் வந்து விழுந்த சாமான், அவர்கள்தானே வழியும் காட்டினார்கள்! 2023 நவம்பரில் அருணாசலப் பிரதேசம் பாசிகாட்டில் "ஹம்ப்" ம்யூசியம் ஒன்று திறக்கப்பட்டது. மலைகளிலிருந்து கிடைத்த துண்டுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். எச்சங்கள் வீட்டுக்குப் போகட்டும், இரும்பு விழுந்த ஊரிலேயே இருக்கட்டும் என்பது எனக்கு நியாயமான பங்கீடாகப் படுகிறது.

மேலே எடுத்தால் மட்டும் போதுமா?

இங்கே என் தொழில் குறுக்கிடுகிறது. கடலுக்கடியில் இருக்கும் அலுமினியத்தைத் தூக்குவது பாதி வேலைகூட இல்லை. உப்பு உலோகத்தின் நுண்ணிய துவாரங்களுக்குள் புகுந்திருக்கும். காற்றுப் பட்டதும் அரிப்பு வேகம் பிடிக்கும். சில வருஷத்தில் விமானம் வெள்ளைப் பொடியாகிவிடும். 1940-இல் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்த ஜெர்மன் டார்னியர்-17 ஒன்றை 2013 ஜூனில் தூக்கினார்கள். அந்த ரகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். பிறகு அதைக் கூடாரத்துக்குள் வைத்து, சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், அதுவும் வருஷக்கணக்கில். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே புளிப்புதான்! அந்தப் பொறுமையும் பணமும் இல்லாதவன் கடலில் இருப்பதைக் கடலிலேயே விடுவது உத்தமம்.

தாம்பரத்திலிருந்து ஒரு காலை

இதுவரை சொன்னதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம். ஆனால் நம் தலைமுறையிலேயே நம் கடல் ஒரு விமானத்தை விழுங்கியது. 2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேரோடு வங்கக் கடல் மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலேயே, இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது.

ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில் செய்தி வந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் அனுப்பிய ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதறல்களைப் படம் பிடித்திருந்தது. அது அந்த விமானம்தான் என்று எப்படி முடிவுக்கு வந்தார்கள்? படங்களை ஆராய்ந்தார்கள். அதோடு, அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். "பதிவு இல்லை" என்ற அந்த ஒரு வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். யாரோ ஒரு குமாஸ்தா வருஷக்கணக்காக ஒழுங்காக எழுதி வைத்த ஏடு இருந்ததால்தான் 29 வீடுகளுக்கு ஒரு பதில் கிடைத்தது.

அன்றைக்குத்தான் குப்பத்துத் தாத்தா சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது. அவன் வீட்டுக்குச் சேதி போச்சோ இல்லியோ என்றாரே, அதுதான் முதல் கேள்வி. நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டுப் பெயரைப் பொறித்தார்கள். அவன் வாளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. பெயர் நின்றது, ஊர் நின்றது.

ஆகவே நான் வந்து சேர்ந்த கணக்கு இதுதான். விழுந்த விமானத்துக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். அதில் இறந்தவனின் வீடு, அது விழுந்த ஊர், அதை வாங்கவும் வைக்கவும் நினைப்பவர்கள். சட்டம் எப்படியும் போகட்டும், நியாயத்தின் வரிசை அதே வரிசைதான். முதலில் பெயர், அப்புறம் இடம், கடைசியில்தான் தகடு. உலகச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டதால் வந்தவை.

தம்பி தங்கைகளுக்கு

நண்பனின் தாத்தா 2010-இல் காலமானார். வீட்டை இடித்துக் கட்டினபோது தகடு மற்ற தட்டுமுட்டுச் சாமான்களோடு காயலான் கடைக்குப் போய்விட்டது. யார் மேலும் குற்றமில்லை. அது எதிலிருந்து வந்தது என்று கேட்க இனி ஆளும் இல்லை, பொருளும் இல்லை.

ஆனால் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1942-இல் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். தாம்பரத்திலும் செங்குன்றத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கோவளத்திலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் போன் இல்லாத மாணவன் இன்று கிடையாது. போய் உட்கார்ந்து, "தாத்தா, சண்டைக் காலத்துல இங்க என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். பேசுவதைப் பதிவு பண்ணுங்கள். சொன்னவர் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். கேட்டது கதையாக இருக்கலாம், மிகையாக இருக்கலாம், பரவாயில்லை. கதை என்றே எழுதி வையுங்கள். பின்னால் வருகிறவன் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். நம் கல்லூரி நூலகத்தில் அதற்கு ஓர் அலமாரி ஒதுக்கினால் முதல் செலவு என்னுடையது என்று இந்த மலரிலேயே எழுதித் தருகிறேன். சங்கத்தார் சாட்சி.

பழைய தகடு, என்ஜின் துண்டு, ஏதாவது கண்ணில் பட்டால் நாலே வேலை. இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். எண் இருந்தால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். யாருடையது, எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். எலும்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். எடுக்கலாமா, விற்கலாமா, ம்யூசியத்துக்குக் கொடுக்கலாமா என்ற விவாதத்தை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

உப்புத்தாளை மட்டும் தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள்.